வாடிவாசலின் சாவி யார் கையில்?

“ஜல்லிக்கட்டு நம்ம உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு” என்று புதுக்கோட்டைப் பக்கம் காளை வளர்க்கிற பலரும் நம்புகிறார்கள். நானும் காளை வளர்ப்பவன்தான், விழாக் குழுவிலும் இருக்கிறேன். 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னது அது அல்ல.

மிருகவதைத் தடுப்பு அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் வருகிறது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் அதில் சட்டம் போடலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் மத்தியச் சட்டமே செல்லும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருந்தால் மட்டும், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். இதைச் சொல்வது 254-ஆவது பிரிவு.

நாம் விழுந்தது இங்கேதான். ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த 2009-இல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டது. 2011-இல் மத்திய அரசு, வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சிங்கம், புலி, கரடியோடு காளையையும் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம், 1960-ஆம் ஆண்டு மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரண் என்று நம் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த இரண்டு பொங்கலுக்கும் வாடி திறக்கவில்லை. அவிழ்க்க வழியில்லாத மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்ட வீடுகளின் வேதனை எனக்குத் தெரியும்.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது அரசு வேறு வழியில் போனது. தனிச் சட்டம் போடாமல், அந்த 1960 சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. அந்த ஒப்புதல்தான் நம்மைக் காப்பாற்றியது என்பேன்.

2023 தீர்ப்பு இந்தத் திருத்தத்தை ஏற்றது. குறைந்தது ஒரு நூற்றாண்டாக ஜல்லிக்கட்டு நடப்பதையும் ஒப்புக்கொண்டது. அது பண்பாடா என்று முடிவு செய்யும் வேலை சட்டமன்றத்துடையது, அதில் தலையிட மாட்டோம் என்றது. நம் உரிமை சட்டமன்றம் போட்ட சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றும் அதிகாரமும் சட்டமன்றத்துக்கு உண்டு.

தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: விதிகளைக் கறாராக அமல்படுத்த வேண்டும், அதற்கு மாவட்ட ஆட்சியரே பொறுப்பு. தச்சங்குறிச்சியில் புத்தாண்டையொட்டி முதல் வாடி திறக்கும் மாவட்டம் எங்களுடையது. அந்த விதிகளில் வரும் கால்நடை மருத்துவர் பரிசோதனையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்று குழுவில் யாராவது கேட்டால், நான் சம்மதிப்பதே இல்லை.