ஜாமான பிஸ்டன் காட்டிக்கொடுக்கும் காரணம்

குடவாசல் வட்டார வயல்சாலைகளில் உரமூட்டையும் நெல்மூட்டையும் சுமந்தோடிய டிவிஎஸ் 50, 1980இல் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் அதன் பிஸ்டனுக்கு உயவு. அது குறைந்தால் அலுமினிய பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். உடனே மெக்கானிக்குகள் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட்டுவிடுகிறார்கள். அதற்குமுன் பழைய பிஸ்டனை நிதானமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பேன். சைலன்சர் பக்கம் மட்டும் நீளக் கீறல் இருந்தால் ஆயில் பஞ்சத்தையோ மிகைச்சூட்டையோ சந்தேகிக்கலாம். சுற்றிலும் நான்கு இடங்களில் தேய்ந்திருந்தால், சூடேறாத இன்ஜினை எடுத்தவுடன் முறுக்கியிருக்கலாம். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி லேசுப்பட்டதல்ல.

எப்படியும் புதுப் பிஸ்டன்தானே, காரணம் எதற்கு என்று கேட்கலாம். கிராங்க் சீல் வழியே காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தால், புதுப் பிஸ்டனும் அதே கதிக்குத்தான் ஆளாகும். அறுவடை நேரத்தில் வண்டி நிற்கலாமா என்பதும் நியாயமான கவலையே. ஆனால் சிலிண்டரில் ஒட்டியது வெறும் அலுமினியப் பூச்சு என்றால், அதைச் சுரண்டியெடுத்து அளவு பார்த்தபின் ரீபோரே தேவைப்படாமலும் போகலாம்.