நஞ்சுக்கொடியின் பாரபட்சம்

அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்தியராயிருந்த ஜோசப் கிளார்க், தம் பதிவேடுகளைப் புரட்டி, இறந்து பிறந்தவற்றிலும் பிறந்த சின்னாட்களில் மடிந்தவற்றிலும் ஆண் சிசுக்களே மிகுந்திருக்கக் கண்டு, அதன் காரணத்தை விசாரித்து எழுதிய கட்டுரை 1786-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொஸைட்டியின் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆண் சிசுவின் தலை சற்றே பெரிது, ஆகையால் பிரசவத்தில் நெருக்கடியும் அதிகம் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

தலையின் அளவோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அடிலெய்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள், தென் ஆஸ்திரேலியாவில் 1981 முதல் 2011 வரை நிகழ்ந்த 5,74,000-க்கு மேற்பட்ட பிரசவங்களைப் பரிசீலித்து 2016-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆண் சிசுவைச் சுமந்தவர்களுக்கு 20 முதல் 24 வாரங்களுக்குள் குறைப்பிரசவமாகும் அபாயம் 27 சதவீதம் அதிகம். கர்ப்பகால நீரிழிவு 4 சதவீதம் அதிகம். ரத்தக் கொதிப்போடு வரும் பிரீ-எக்லாம்சியாவின் போக்குத்தான் விசித்திரமானது. மாதம் நிறைந்தபின் வருமானால் அது ஆண் சிசுவின் தாயையே சிறிது அதிகமாக நாடுகிறது. முன்னதாகவே வந்து குறைமாதத்தில் பிரசவத்தை நிகழ்த்த வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குமானால், பெண் சிசுவின் தாய்க்கே 22 சதவீதம் கூடுதல். மசக்கை மிகுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஸ்வீடன் தேசத்துப் பெண்களில் 100-க்கு 55 பேருக்கு மேல் பெண்ணையே பெற்றார்கள் என்று 1999-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி கூறுகிறது. மசக்கையைக் கொண்டு ஜோசியம் சொல்லும் பாட்டிமார் இதைக் கேட்டுப் பூரிக்கலாம். மிச்சமுள்ளவர்கள் பெற்றது பிள்ளை என்பதையும் அவர்கள் மறக்கலாகாது.

இவ்வளவுக்கும் நடுவில் நிற்பது நஞ்சுக்கொடி. தாயின் வயிற்றில் வளர்ந்தாலும் அது தாயின் அவயவமன்று. சிசு உருவான அதே கருவிலிருந்து உருவாகி, சிசுவின் குரோமோசோம்களையே தாங்கி, கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்களைத் தனக்கேற்றபடி விரித்துக்கொண்டு, தாயின் உடலையே மாற்றவல்ல ஹார்மோன்களைச் சுரப்பது அது. ஆண் சிசுவின் நஞ்சுக்கொடியிலும் பெண் சிசுவின் நஞ்சுக்கொடியிலும் பல மரபணுக்கள் வெவ்வேறு அளவில் தொழிற்படுகின்றன.

சதவீதங்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பெண் சிசுவைச் சுமக்கும் 1,000 பேரில் 100 பேருக்கு நீரிழிவு வருமென்று வைத்துக்கொண்டால், ஆண் சிசுவைச் சுமக்கும் 1,000 பேரில் 104 பேருக்கு வரும், அவ்வளவே. நம் நாட்டிலோ, 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சிசு ஆணா பெண்ணா என்று கர்ப்பிணிக்குத் தெரிவிப்பதைத் தடுப்பதனால், இந்த ஞானத்தைக் கொண்டு அவளுக்கு யோசனை சொல்ல இடமில்லை. அதனால் நஷ்டமுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்க வேண்டியவைதாம். பயன் விளைய வேண்டிய இடம் ஆராய்ச்சிசாலை. நஞ்சுக்கொடிகளை ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒன்றாய்க் கலந்து கணக்கெடுத்த ஆராய்ச்சிகள் அநேகம். அக்கணக்குகளை இனிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.