உப்பு கசியும் மாதத்தில் பீரோவுக்குள் என்ன நடக்கிறது?

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் தூறினால் போதும், எங்கள் வீட்டு உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். கரண்டியை விட்டால் கல்லுப்பு ஈரமணலாக ஏறிவரும். அதே வாரத்தில் அப்பளம் நமுத்துப்போகும், வெல்லம் பிசுபிசுக்கும், தீக்குச்சி நாலு முறை உரசினாலும் பற்றாது. வானம் வறண்ட சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது ஏன் என்பதற்கு இந்த ஒரு தீக்குச்சியே விளக்கம்.

அந்த உப்பு ஜாடியைச் சற்று மரியாதையோடு பாருங்கள். அது ஒரு அளவுகருவி. தூய சோடியம் குளோரைடு, சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தை எட்டும்வரை கரையாமல் நிற்கும். அதைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் அவசரக்காரன், வெகு கீழேயே நீரை இழுப்பான். ஆகவே கல்லுப்பு பிசுபிசுத்தால் எச்சரிக்கை. அடியில் தண்ணீரே நின்றால், வீட்டுக் காற்று 75-ஐத் தாண்டிவிட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். துணியிலும் தோலிலும் காகிதத்திலும் பூசணம் பிடிக்க வேண்டிய ஈரமும் ஏறத்தாழ இதே அளவுதான். சமையலறையில் உப்பு கசியும் நாளில், படுக்கையறை பீரோவுக்குள் பட்டுப்புடவையின் மடிப்பிலும் ஏதோ விழித்துக்கொள்கிறது.

ஒப்பு ஈரப்பதம் என்பது காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்ற கணக்கு அல்ல. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். மார்கழி மதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 29 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், கொடியில் துணி நன்றாகக் காய்கிறது. அதே காற்றை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, இரவு 21 டிகிரிக்கு இறங்கவிட்டால் ஈரப்பதம் 94 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புதிதாக வரவில்லை, காற்று குளிர்ந்தது, அவ்வளவுதான். மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதத்திலும் செருப்பிலும் பெல்ட்டிலும் சாம்பல் நிறப் படலம் பூப்பதற்கு இதுவே காரணம்.

பூஞ்சையின் வித்துகள் எந்த வீட்டிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது. அவை கேட்பது ஈரமும் தீனியும். தீனி நாம் போடுவது: வேட்டிக்குப் போட்ட கஞ்சி, புத்தக முதுகில் தடவிய பசை, சட்டைக் காலரில் தங்கிய வியர்வை, தோல் பையில் படிந்த எண்ணெய். பூஞ்சை வந்தால் அதைத் தின்னப் புத்தகப் பேன் வரும். பழைய புத்தகத்தைப் பிரித்ததும் வெளிறிய நிறத்தில் பொடிப்பொடியாக ஓடுமே, அதுதான். இந்தப் பேன் தனக்கு வேண்டிய நீரைக் காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 60-க்குக் கீழே நெடுநாள் நின்றால் உடல் வற்றிச் செத்துப்போகும். மருந்தே அடிக்காமல் ஒரு பூச்சியை ஒழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பீரோவுக்கு வருவோம். பெரும்பாலோர் செய்யும் பிழை இங்கேதான். ஈரம் காற்றில் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது துணியில் இருக்கிறது. சாதாரண ஸ்டீல் பீரோவின் உட்பகுதி ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடைமழை நாளில் அதிலுள்ள காற்று மொத்தமும் சேர்ந்து சுமார் 20 கிராம் தண்ணீரைத்தான் வைத்திருக்கும், நாலு தேக்கரண்டி. ஆனால் பருத்தி, பட்டு, கம்பளி, காகிதம் எல்லாமே நீரை இழைக்குள் வாங்கி வைப்பவை. 65 சதவீத ஈரப்பதத்தில் பட்டு தன் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் நீரைத் தாங்குகிறது, கம்பளி இன்னும் அதிகம். தொட்டால் உலர்ந்தே இருக்கும். 20 கிலோ பருத்தித் துணி, 50 சதவீத ஈரப்பதத்திலிருந்து 85-க்குப் போகும்போது ஒரு லிட்டருக்கும் மேலாகத் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்துவிடும்.

இந்தக் கணக்கு இரு பக்கமும் வெட்டும். துணியை நன்றாக உலர்த்தி, புரட்டாசி வெயில் முடிவதற்குள் பீரோவில் அடுக்கி இறுக மூடினால், அந்தத் துணிகளே காவல். கதவிடுக்கில் கசிந்து வரும் ஈரத்தை அவை கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். உள்ளே ஈரப்பதம் வாரக்கணக்கில் பெரிதாக ஏறாது. மாறாக, அடைமழையில் நாலு நாள் கொடியில் தொங்கிய, கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் துணியை உள்ளே வைத்துப் பூட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துப் பூட்டிவிட்டோம் என்று பொருள். ஆகையால் பீரோ காப்பாற்றுமா கெடுக்குமா என்பது அதை மூடிய நாளைப் பொறுத்தது. மழைக்காலத்தில் "காத்தாடட்டும்" என்று பீரோவைத் திறந்துபோடுவதும் இதே கணக்கில் தவறு. வெளிக்காற்று உள்ளதைவிட ஈரமானது என்றால் நாம் திறப்பது ஈரத்துக்குத்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மாவின் அரக்குக் கூறைப்புடவை ஒரு கார்த்திகைக் கல்யாணத்துக்குப் போய்வந்தது. மழை சற்று விட்டிருந்தது. உடுத்திய உடம்பின் வெதுவெதுப்பு ஆறுவதற்குள், தூசு படக்கூடாதே என்ற அக்கறையில் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தோம். பங்குனியில் எடுத்தபோது மடிப்புக்கு மடிப்பு வெண்புள்ளிகள், சரிகையில் கருமை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புடவையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் புடவைதான்.

நல்ல சரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். முலாம் தேய்ந்த இடத்தில், காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து கருக்கும். ஈரம் அதை விரைவுபடுத்தும். ரப்பர் வளையமும் கந்தகம் விடும், ஆகவே புடவையையோ வெள்ளிச் சாமானையோ ரப்பர் போட்டுக் கட்டவே கூடாது. கட்டிவந்த புடவையை நிழலில் ஓரிரவு ஆறவிட்டு, துவைத்துக் கஞ்சி போடாத மல் துணியில் சுற்றி வைப்பதே முறை. மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றினால் ஒரே கோட்டில் சரிகை விண்டுபோகாது.

பெட்டிக்குள் பெட்டியாக வைப்பதன் பலத்துக்குச் சான்று ஜப்பானில் இருக்கிறது. நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்துக்கு, 756-ஆம் ஆண்டில் பேரரசி கோம்யோ, மறைந்த கணவர் சோமு பேரரசரின் உடைமைகளைக் காணிக்கையாகத் தந்தார். பட்டும் காகிதமும் மரமும் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பெருமளவு பிழைத்திருக்கின்றன. பல நூற்றாண்டுகள் அவற்றைக் காத்ததில் குளிரூட்டிக்குப் பங்கில்லை. தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிய மரக்கட்டடம், அதற்குள் கால் வைத்த மரப்பெட்டிகள். வெளியே ஈரப்பதம் எப்படி ஏறி இறங்கினாலும், கட்டடச் சுவரும் பெட்டியின் பலகையும் இரண்டு முறை அதைத் தணித்தன. பெட்டிகளை இலையுதிர் காலத்து உலர்ந்த நாட்களில்தான் திறப்பார்கள்.

நம் வீடுகளிலும் இந்த அறிவு இருந்தது. சுவடிகளை மரச்சட்டங்களுக்கு இடையே இறுக்கிக் கட்டித் துணியில் பொதிந்தார்கள். விதைநெல்லையும் சோளக்கதிரையும் அடுப்படிக்கு மேலே தொங்கவிட்டார்கள். புகை பூச்சியை விரட்டியது என்பது பாதிதான். அங்கே காற்று நாலைந்து டிகிரி கூடுதல் சூடு. 28 டிகிரியில் 85 சதவீதம் இருக்கும் காற்றை மூன்றரை டிகிரி சூடாக்கினாலே ஈரப்பதம் 70-க்கு வந்துவிடும்.

இன்றைய அடுக்ககத்துப் பரண் அப்படியல்ல. மேல்மாடி வீடென்றால் அது மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பகலில் வேகும், தெளிந்த மார்கழி இரவில் தளம் வெப்பத்தை வானுக்கு விட்டு ஜில்லிட்டுப்போகும். தினமும் இந்த ஏற்ற இறக்கத்தில் பரணிலுள்ள அட்டைப்பெட்டி பாடாய்ப் படுகிறது. புத்தகம், புகைப்பட ஆல்பம், பத்திரம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள், பாத்திரம் போகட்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும், மறுபுறம் குளியலறை உள்ள சுவரும் அதே போலத்தான். செங்கல்லின் நுண்துளை வழியே நிலத்து நீர் ஏறுவதை ஓதம் என்கிறோம். அடிச்சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உப்புப் பூத்திருந்தால் அங்கே பீரோவை ஒட்டி நிறுத்தவே கூடாது. வீட்டின் நடுச்சுவர் ஓரமாக, நாலு விரற்கடை இடைவெளி விட்டு, கட்டைமேல் தூக்கி வைத்தால் முதுகுப்புறம் காற்றோடும்.

கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சிகள் பயனுள்ளவைதாம், அளவறிந்து வைத்தால். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை நீரைப் பிடிக்கும். 100 கிராம் பொட்டலம் 30 கிராமோடு நின்றுவிடும். ஈரத் துணி நிறைந்த பீரோவின் ஒரு லிட்டருக்கு அது எம்மாத்திரம்! கேமரா, செவித்துணைக் கருவி, நாணயத் தொகுப்பு போன்றவற்றுக்கு, ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பாவில் போட்டால் அதே பொட்டலம் மாதக்கணக்கில் உழைக்கும். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் ஓவனில் சூடாக்கினால் மறுபடி உயிர்பெறும். நீல மணிகளில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு; குழந்தை உள்ள வீட்டில் ஆரஞ்சு மணிகளே மேல். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நிறையவே நீரை இழுக்கும், ஆனால் அடியில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் துணியும் தோலும் பாழ். கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள்.

அந்துருண்டை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நாப்தலீன் பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒரு சொட்டும் எடுக்காது. ஜி6பிடி என்னும் நொதி குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும். அந்துருண்டை போட்டு வைத்த பழைய தொட்டில் துணியைப் பச்சிளங்குழந்தைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும்.

காகிதத்தில் கவனிக்க இரண்டு. சான்றிதழ்களை மலிவான பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால், நகல் எழுத்துகள் உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; காகித உறையில் போட்டு, அதை மூடி இறுகும் டப்பாவில் வைக்கலாம். சட்டமிட்ட பழைய புகைப்படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். படத்தின் ஜெலட்டின் ஈரத்தில் இளகிப் பசையாகியிருக்கிறது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மீண்டும் உப்பிடமே போகலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை வைத்துச் சில சொட்டு நீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து இறுக மூடும் உறையில் ஓரிரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளலாம். பிறகு கருவியைப் பீரோவின் நடுத்தட்டில், துணிகளுக்கு இடையே வைத்து மூடிவிடுங்கள். 65-க்குக் கீழே நிற்கும்வரை கதவைத் தொட வேண்டாம். தை பிறந்து, வெளியே அதைவிடக் குறைவாகக் காட்டும் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்புங்கள். பட்டுத்துணியை மட்டும் நிழலில்.

அம்மாவின் புடவையில் அந்த வெண்புள்ளிகள் பாதிதான் போயின. இப்போது அது மல் துணியில், நடுச்சுவர்ப் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. இன்று காலை 58.