குழந்தைப்பேறும் கணவரின் பரிசோதனையும்

மணமாகி ஓராண்டாகியும் மனைவி கருத்தரிக்காவிட்டால், நம் தோட்டப்புறங்களில் பழி பெண்ணின் தலையில்தான் விழுகிறது. உண்மையில், இத்தகைய தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, முழுமையாகவோ ஓரளவோ ஆணிடமும் காரணம் உண்டு. ஆகவே கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

இதில் ஊசியில்லை, வலியில்லை. 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்தபின், விந்தைச் சுத்தமான புட்டியில் எடுத்து, ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் அணுக்களைக் கீழ் அளவாகக் குறிக்கிறது. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்பதில்லை. மிகுந்தால் பிறப்பது உறுதி என்பதுமில்லை.

ஓர் அணு உருவாக இரண்டரை மாதமளவு ஆகும். ஆதலால் சென்ற மாதக் கடுங்காய்ச்சல்கூட இன்றைய கணக்கைக் குறைக்கலாம். முதல் முடிவு குறைவானால் மறுபடியும் சோதிப்பது இதனால்தான்.

புகைப்பழக்கமும், விரைப்பையில் இரத்தக்குழாய் புடைத்தலும் காரணமாகலாம். சில பூச்சிமருந்துகளும் அப்படியே. 1977-இல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த தொழிலாளர் பலருக்கு அணுக்கள் குறைந்தன. சிலருக்கு அறவே அற்றுப்போயின. மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிவது இதற்காகவும்தான்.

அணுக்களின் எண்ணிக்கை ஆண்மையின் அளவுகோலன்று. குறை தெரிந்தால் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே, மருத்துவரிடம் மனைவியைத் தனியே அனுப்பாமல், இருவருமாகவே செல்வோம்.