ஊர்திவீடும் ஊன்றுகாலும்

வட அமெரிக்கச் சாலைகளில் செல்வோர் விந்தையானதோர் ஊர்தியைக் காண்பதுண்டு. முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தட்டும் உடைய பிக்கப் டிரக்கின் மேல் ஒரு சிறு வீடு அமர்ந்திருக்கும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறை ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கும். வீட்டின் முற்பகுதி ஓட்டுநர் அறைக் கூரையின் மேல் நீண்டு கவிந்திருக்கும், உறங்குமிடம் அதுவே. இதனை டிரக் கேம்பர் என்பர். வண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படும் வீட்டிற்குத் தனிச் சக்கரங்கள் உண்டு. இதற்கோ சக்கரம் இல்லை; டிரக்கின் தட்டே இதற்குத் தரை.

நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் தம் நாயை உடனழைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்தது இத்தகைய வீட்டில்தான். டான் குயிக்சோட்டின் குதிரையாகிய ரோசினாந்தேயின் பெயரையே தம் ஊர்திக்கும் அவர் சூட்டினார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1962இல் வெளிவந்தது. அவ்வூர்தி கலிபோர்னியா மாநிலத்துச் சாலினாஸ் நகரில், அவர் பெயரால் அமைந்த மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இவ்வீட்டின் தனிச்சிறப்பு, வேண்டும்போது டிரக்கிலிருந்து பிரித்து இறக்கி வைக்கலாம் என்பதாகும். வீட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு ஜாக்கிகள் நெடுங்கால்கள்போல் பொருத்தப்பட்டிருக்கும். கையால் சுழற்றுவன, எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவன, மின்விசையால் இயங்குவன என அவை பலவகைப்படும். நான்கையும் நீட்டினால் வீடு தட்டிலிருந்து சற்றே மேலெழும். இணைப்புகளைக் கழற்றி டிரக்கை மெல்ல முன்னே செலுத்தினால், நான்கு கால்களின்மேல் வீடு தனித்து நிற்கும். பலர் வீட்டை இவ்வாறு நிறுத்திவிட்டு டிரக்கில் ஊர் சுற்றச் செல்வர். இரவில் திரும்பிவந்து அதிலேயே உறங்குவர். பிள்ளைகளைக் காண அந்நாடுகளுக்குச் செல்லும் நம் பெரியோர்க்கும் இத்தகைய வீட்டில் ஓரிரவு தங்கும் வாய்ப்பு நேரலாம். ஆதலின், அந்நான்கு கால்களை நம்பி உள்ளே உறங்கலாமா என்னும் வினா பொழுதுபோக்கு வினா அன்று.

தூக்கும் கால் வேறு, தாங்கும் கால் வேறு என்பதே நாம் இங்கு உணர்த்த விரும்புவது. ஜாக்கி தூக்குவதற்கென அமைந்த கருவி. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் நுழைந்து நீள்வதால், இரண்டிற்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே தீரும். உள்ளே ஒருவர் எழுந்து நடந்தாலே வீடு அசைவதற்கு இவ்விடைவெளியே முதற்காரணம். நம்மூர் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் சிறுவனும் இதை அறிவான். ஜாக்கியால் வண்டியைத் தூக்கிய பின், அச்சின் கீழ் மரக்கட்டையை முட்டுக் கொடுக்காமல் எந்த மெக்கானிக்கும் அடியில் நுழையமாட்டார். பட்டறையில் கட்டாயமாகக் கருதப்படும் இவ்வொழுக்கம், விடுமுறைக் களிப்பில் மறக்கப்படுவதுதான் வியப்பு.

செய்யவேண்டியவற்றுள் முதலாவது, டிரக் வெளியேறியவுடன் வீட்டை இயன்றவரை தாழ்த்துதல். டிரக்கின் தட்டு ஏறத்தாழ 3 அடி உயரமுடையது. அதைத் தாண்டுவதற்காக உயர்த்திய வீட்டை அவ்வுயரத்திலேயே விட்டுவைத்தல் பெரும் பிழை. ஒரு முனை இறுகப் பிணைக்கப்பட்ட கம்பத்தின் மறுமுனையைப் பக்கவாட்டில் தள்ளினால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கேற்ப மிகும் என்பது பொறியியலார் கணக்கு. அதாவது, நீண்டிருக்கும் காலின் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டிலொன்றாகும். செலவின்றிக் கிடைக்கும் இத்துணைப் பெரும்பயன் வேறெதனாலும் கிடைப்பதில்லை. வாயிற்படியும் தாழ்வதால் முதியோர் ஏறி இறங்குவதும் எளிதாகும்.

தாழ்த்தும்போது நான்கு ஜாக்கிகளையும் சிறிது சிறிதாக, மாறி மாறி இறக்குதல் வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றே உயர்ந்திருப்பது நன்று. உறங்குமிடம் முன்கால்களையும் கடந்து நீண்டிருப்பதால், முன்பக்கம் தாழுமானால் வீடு முகங்குப்புறச் சாயும் போக்கினதாகும். தண்ணீர்த் தொட்டியை முன்னரே வடித்துவிடுதலும் நலம். 40 காலன் கொள்ளும் தொட்டி நிறைந்திருந்தால் அதுவே ஏறத்தாழ 150 கிலோ ஆகும். உள்ளே ஆள் இருக்கும்போது ஏற்றுவதோ இறக்குவதோ ஒருபோதும் கூடாது. டிரக் வெளியேறும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தல் இன்றியமையாதது. சக்கரம் ஒரு காலை இடித்துவிட்டால் அக்கால் மடங்கும். மற்ற மூன்றும் தனித்து நிற்கமாட்டா.

அடுத்து நிலத்தைப் பார்ப்போம். 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோ எடையுள்ள வீடு நான்கு கால்களிலும் சமமாகப் பொருந்தினாலும், ஒவ்வொரு காலுக்கும் 340 கிலோ வரும். உண்மையில் சமமாகப் பொருந்துவதில்லை. காலின் அடித்தட்டு 10 சென்டிமீட்டர்ச் சதுரமாயின், ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டரும் 3.4 கிலோ தாங்கவேண்டும். 30 சென்டிமீட்டர்ச் சதுரமான தடித்த பலகையை அடியில் வைத்தால் அச்சுமை 0.4 கிலோவுக்கும் குறைந்துவிடும். மழையில் நனைந்த புல்தரையிலும் கோடை வெயிலில் இளகிய தார்த்தரையிலும் பலகையின்றி நின்ற கால், இரவோடு இரவாகப் புதைந்து வீட்டைச் சாய்த்துவிடும். குளிர்நாடுகளில் உறைந்த மண் உருகும் பருவத்திலும் இதே இடர் உண்டு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாசற்படியில் வைத்து நாள்தோறும் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி, தாங்கும் முறை. வீட்டின் கீழ்ப்பகுதி, டிரக்கின் இரு சக்கரக் குமிழ்களுக்கும் இடையே அமரும்படி ஏறத்தாழ 4 அடி அகலமுள்ள பெட்டியாக இருக்கும். அதற்கு மேலே இருபுறமும் இறக்கைபோல் விரிந்திருக்கும். முட்டுக் கொடுக்கவேண்டியது அப்பெட்டியின் அடித்தளத்திற்கே, இறக்கைகளுக்கு அன்று. தச்சர்கள் மரம் அறுக்கப் பயன்படுத்தும் நாற்கால் தாங்கிகளை, இவ்வெடையைப் பொறுக்கும்படி உறுதியாகச் செய்து, முன்னொன்றும் பின்னொன்றும் குறுக்கே நிறுத்தி, அவற்றின்மேல் வீடு அமருமாறு இறக்குவோர் பலர். தடித்த மரச்சட்டங்களை இரண்டு நெடுக்கிலும் இரண்டு குறுக்கிலுமாக அடுக்கி, இன்னும் தாழ அமர்த்துவோரும் உளர். நம் கருத்தில் பின்னதே மேலானது. அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தை மிஞ்சாதிருக்கவேண்டும். இடையிலுள்ள சிறு சந்துகளில் மர ஆப்புகளைச் செருகி இறுக்கலாம். உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களைத் தனியே அடுக்குவதை நாம் ஏற்கமாட்டோம். மரம் நசுங்குமுன் முனகும், அக்கல்லோ முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். செய்து விற்றவர் தந்த கையேட்டில் தாங்கவேண்டிய இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக.

வீடு மரத்தில் அமர்ந்துவிட்டது என்று ஜாக்கிகளை முற்றும் மேலே தூக்கிவிடுதல் கூடாது. முன்பக்கத் தாங்கி அடித்தளத்திற்குள் சற்றுப் பின்தள்ளி நிற்குமாயின், முன்னே நீண்ட படுக்கையில் இருவர் ஏறிப் படுத்தவுடன் வீடு அத்தாங்கியை அச்சாகக்கொண்டு முன்சாய முயலும். அதைத் தடுப்பவை தரையைத் தொட்டு நிற்கும் முன்னிரு ஜாக்கிகளே. எடையை மரம் தாங்க, சாய்வை ஜாக்கி தடுக்க வேண்டும். தமிழில் முட்டு என்னும் சொல்லுக்குத் தாங்குதல், தடுத்தல் ஆகிய இருபொருளும் உண்டு. இவ்வீட்டிற்கு இரண்டும் வேண்டியிருப்பதை எண்ணி மகிழ்ந்தோம்.

எண்ணெய் அழுத்த ஜாக்கிகளைப் பற்றித் தனியே ஒரு சொல். நாட்பட்டவற்றில் எண்ணெய் கசிந்து, ஒரு கால் மட்டும் மெல்ல மெல்லத் தாழ்வதுண்டு. உறங்குவோர் அதனை உணரார். அடியில் மர அடுக்கு இருந்தால் அத்தாழ்வு சிறு அசைவோடு முடிந்துவிடும்.

காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மீது ஏறத்தாழ 30 கிலோ அளவு அழுத்தும். பக்கச்சுவர் 8 சதுர மீட்டர் எனக்கொண்டால் 240 கிலோ விசை வீட்டைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. முன்னும் பின்னும் நடக்கும்போது எழும் அசைவைப் பொறுக்கும் கால்கள் இதனைப் பொறுக்கும் என்று கொள்வதற்கில்லை. எனவே சிலர் ஒரு காலின் மேற்பகுதியிலிருந்து அடுத்த காலின் அடிப்பகுதிக்குப் பெருக்கல் குறிபோலப் பட்டைகளைக் குறுக்காகக் கட்டி இறுக்குவர். அளவாக இறுக்கினால் ஆட்டம் பெரிதும் குறையும்; மிகையாக இறுக்கினால் கால்களே உள்நோக்கி வளையும். புயல் வருமெனத் தெரிந்தால், வீட்டை மீண்டும் டிரக்கின் மேலேற்றிப் பிணைத்து, பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை.

பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி சில வீடுகளில் உண்டு. அது நீண்டால் எடையும் ஒருபக்கம் நகரும். கீழே முட்டு அமையாத நிலையில் அதனை நீட்டாதிருத்தல் வேண்டும். குளிர்காலம் முழுதும் ஆளின்றி நிறுத்திவைத்த வீட்டை மீண்டும் ஏற்றுமுன், ஜாக்கிகள் பொருந்தியுள்ள மூலைகளில் மரச்சட்டம் ஈரத்தால் உளுத்துள்ளதா எனத் தட்டிப் பார்த்து, திருகுகளை இறுக்கி, நான்கு கால்களும் ஒருசேர இயங்குகின்றனவா என்று ஓரங்குலம் உயர்த்திச் சோதித்த பின்னரே அடியிலுள்ள மரங்களை அகற்றுவர்.