இரண்டு எண்கள் போதும் என்றிருந்த காலம்

எண்பதுகளில் கெப்பாசிட்டர் வாங்கக் கடைக்குப் போகும் மெக்கானிக் இரண்டு எண்களைத்தான் சொல்வார்: எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் அது போதும். கேட்ட 470 இல்லையென்றால் "1000 இருக்கு, போட்டுக்கோங்க" என்று எடுத்துக் கொடுப்பார்கள். வோல்ட் மட்டும் குறையக் கூடாது, மற்றதில் தாராளம். கண்ணூர் கெல்ட்ரானில் செய்ததா, வெளிநாட்டுச் சரக்கா என்றுகூடப் பலர் பார்த்ததில்லை. அதில் தவறும் இல்லை. அன்று பழுதுக்கு வந்தவை பெரும்பாலும் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும். அவற்றின் பவர் சப்ளையில் இருப்பது கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, பெரிய கெப்பாசிட்டர் ஒன்று. விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நிரவுவதுதான் அந்தக் கெப்பாசிட்டரின் வேலை. அந்த வேகத்துக்குச் சுமாரான சரக்கே ஈடுகொடுத்துவிடும்.

வீட்டுக்குள் கணினி வந்ததும் கணக்கு மாறியது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2-க்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த பவர் சப்ளை, நம் மெக்கானிக்குகள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் வகை. கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. இந்த வகையில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக டி.சி.யாகி 325 வோல்ட் அளவுக்கு ஏறும். அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கைக்கடக்கமான டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5 வோல்ட்டாகவும் 12 வோல்ட்டாகவும் இறக்குவார்கள். வெளியீட்டுப் பக்கம் நிற்கும் கெப்பாசிட்டர் அதே வேகத்தில் நிரம்பி வடிந்தாக வேண்டும். அப்போது அதன் உள்ளே ஒளிந்திருக்கும் சின்னத் தடை ஒன்று முக்கியமாகிவிடுகிறது. இ.எஸ்.ஆர். என்று அதைச் சொல்வார்கள். அது கூடினால் கெப்பாசிட்டர் சூடாகும். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் உலரும். உலர உலர இ.எஸ்.ஆர். இன்னும் கூடும். இந்த மூன்றாவது எண் அன்றும் கெப்பாசிட்டரின் உடம்பில் அச்சாகவில்லை, இன்றும் இல்லை. தயாரிப்பாளரின் தரவுத்தாளில்தான் பார்க்க வேண்டும். அன்று தெருக்கடை மெக்கானிக்கின் கைக்குத் தரவுத்தாள் எட்டவில்லை.

இந்த மாற்றம் முழுவதையும் ஒரே இயந்திரத்துக்குள் பார்க்க வேண்டுமானால் பிபிசி மைக்ரோவைத் திறந்து பார்க்கலாம். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் கொண்டுவந்த கணினி அது. மின்காந்தக் குறுக்கீடு வந்துவிடுமோ என்று பிபிசியின் பொறியாளர் ஒருவர் அஞ்சியதால், முதலில் வந்த பெட்டிகளில் பழைய பாணி லீனியர் பவர் சப்ளையே இருந்தது. அது நம்பகமாக ஓடவில்லை. சில மாதங்களில் எஸ்.எம்.பி.எஸ். என்ற ஸ்விட்சிங் வகைக்கு பிபிசி இசைந்தது. ஆஸ்டெக் நிறுவனத்தின் அந்த யூனிட்டுகளில் பல நாற்பது ஆண்டு கடந்தும் உயிரோடு இருக்கின்றன.

நமக்கும் இதில் உறவு உண்டு. 1984-85இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். பஞ்சாபின் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதை 'யுனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே பூட்டித் தந்தது. பள்ளிக் கிடங்கிலிருந்து அப்படி ஒரு பெட்டி இன்று வெளியே வந்தால், யாரிடமாவது கொண்டுபோகும் முன் ஒன்று செய்ய வேண்டும்: பிளக்கில் செருகாமல் இருக்க வேண்டும்.

காரணம் ரிஃபா. பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும் சதுரக் கட்டியாக நிற்கும். ஸ்வீடன் நிறுவனமான ரிஃபா, உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி எபாக்சியில் அடைத்துச் செய்த கெப்பாசிட்டர் அது. அந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த சரக்கு என்றே சொல்வேன். உள்ளே எங்காவது பொத்தல் விழுந்தால் அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகித் தானே ஆறிக்கொள்ளும். மின்கம்பியில் இருந்து வரும் அதிர்ச்சிகளை வருடக்கணக்கில் தாங்கியது. ஆனால் எபாக்சியில் நாளடைவில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. காகிதம் ஈரத்தை உறிஞ்சும். பல ஆண்டு சும்மா கிடந்த பெட்டியில் மின்சாரம் ஏறியதும், ஊறிய காகிதம் சூடாகி, சில நிமிடங்களில் பட்டென்று வெடித்து, அறை முழுக்கக் கெட்ட நாற்றத்தோடு புகை மூட்டும். கணினி அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. பார்த்தவர் கலங்கிப்போவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ரிஃபாக்களில் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அன்று பிரிட்டனின் மின்னழுத்தம் 240. ஆறு சதவீதம் கூடலாம் என்பது விதி. கூடினால் 254. அதாவது விதிக்கு உட்பட்ட மின்சாரமே அந்த எண்ணைத் தாண்டலாம். இன்று இதே இடத்துக்கு வரும் கெப்பாசிட்டர்கள் 275, 305, 310 வோல்ட் என்று வருகின்றன. காகிதம் போய் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வந்துவிட்டது. அது ஈரத்தில் வெடிப்பதில்லை. மெல்ல மெல்லக் கொள்ளளவு குறைந்து ஓய்கிறது. 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் சோதித்த வகைகள் தனியாகக் கிடைக்கின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்துக் காற்றுக்கு அவற்றைத்தான் வாங்குவேன்.

இங்கே பார்க்க வேண்டிய அடையாளம் மதிப்போ வோல்ட்டோ அல்ல, எக்ஸ்2 என்ற முத்திரை. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிற்கும் கெப்பாசிட்டர் 2,500 வோல்ட் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், தீப்பற்றக் கூடாது என்று சோதித்துத் தருவது அது. அன்று இந்த இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் என்ற சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டுப் போவது ரேடியோ கடை வழக்கம். எண் பெரிதாக இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். அந்த 630 டி.சி.க்கான எண், இடி மின்னல் நேரத்தில் கம்பியில் ஓடிவரும் அதிர்ச்சிக்கோ, உள்ளே ஷார்ட் ஆனால் நெருப்பு எழாமல் இருப்பதற்கோ அது உத்தரவாதம் அல்ல. லைனிலிருந்து எர்த்துக்குப் போகும் கெப்பாசிட்டருக்கு இதைவிடக் கடுமையான விதி, ஒய் வகை. அது ஷார்ட் ஆனால் கணினியின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும். அந்த இடத்தில் எக்ஸ் வகையைக்கூட வைக்கக் கூடாது, மதிப்பையும் கூட்டக் கூடாது. பவர் சப்ளையில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

பிபிசி மைக்ரோவின் ஆஸ்டெக் யூனிட்டுக்கு இன்று விற்கும் பழுதுநீக்கப் பொதியில் மூன்று கெப்பாசிட்டர்கள் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் என இரண்டு எக்ஸ்2. கூடவே 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அதாவது திரவ வகை, ஒன்று. மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்வார்கள், உருவம் சின்னது என்பதால். பெரிய டப்பாவைவிடச் சின்னது சீக்கிரம் சாகும்: உள்ளே திரவம் குறைவு, பெரும்பாலும் சூடான பாகத்தின் பக்கத்திலேயே வேலை. எந்த எஸ்.எம்.பி.எஸ். ஆனாலும் "ஆனே ஆகல" என்று வந்தால் இந்த மாதிரிச் சின்னவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அன்று சந்தேகத்தைத் தீர்த்தது முள் மீட்டர். ஓம்ஸில் வைத்துத் தொட்டால் முள் ஏறி, மெல்ல இறங்க வேண்டும். இறங்கினால் நல்லது, இல்லையென்றால் போச்சு. இன்னும் அவசரமானவர்கள் சந்தேகக் கெப்பாசிட்டரின் மேலேயே நல்லது ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது முறையை நான் மதிக்கிறேன். வேலை செய்யும் இடத்திலேயே சோதிக்கிற முறை அது. முள் மீட்டரோ உலர்ந்துபோன கெப்பாசிட்டரையும் பல நேரம் தேற்றிவிடும். கொள்ளளவு சரியாக இருந்தும் இ.எஸ்.ஆர். பத்து மடங்கு கூடியிருக்கலாம். இன்று ஒரு லட்சம் ஹெர்ட்ஸில் அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் சாதாரண மெக்கானிக்கும் வாங்கும் விலைக்கு வந்துவிட்டது. இந்தத் தொழிலில் நடந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மாற்றுவது என்று முடிவானால் வெப்பமும் மணிநேரமும் சேர்ந்துகொள்கின்றன. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது எலக்ட்ரோலிட்டிக்கின் பொதுக் கணக்கு. 85 டிகிரி, 2,000 மணி என்று போட்டது 65 டிகிரியில் 8,000 மணி ஓடும். தினம் நான்கு மணி நேரம் என்றால் ஐந்தரை ஆண்டு. 105 டிகிரி, 5,000 மணி என்று போட்டது அதே 65 டிகிரியில் 80,000 மணி. அதற்காக அரை நூற்றாண்டு நிற்கும் என்று நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பும் மூப்படையும்; பதினைந்து ஆண்டுக்கு மேல் தயாரிப்பாளர்களே பொதுவாகக் கணக்குப் போடுவதில்லை. பானசோனிக் எஃப்.ஆர்., நிச்சிகான் எச்.இ., ரூபிகான் இசட்.எல்.எச். போன்ற வரிசைகள் இந்த வேலைக்கென்றே வந்தவை: 105 டிகிரி, குறைந்த இ.எஸ்.ஆர்., நீண்ட ஆயுள்.

வாங்கி வந்த பிறகு வரும் சிக்கல் உருவம். அன்று 16 மில்லிமீட்டர் குறுக்களவில் இருந்த அதே மதிப்பு இன்று 12.5 மில்லிமீட்டரில் வருகிறது. கால்களின் இடைவெளி 7.5 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆகிவிடும். கால்களை அகட்டித் திணித்தால் அடி ரப்பர் நெளியும், கசிவு அங்கேயே தொடங்கும். அதே மதிப்பில் ஒரு படி மேலான வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தால் உருவம் பெரிதாகி ஓட்டைக்குப் பொருந்தும். பொதுவாக மின்னோட்டமும் கூடுதலாகத் தாங்கும். வோல்ட் கூடினால் கெடுதல் இல்லை என்ற அன்றைய பாடம் இங்கே இன்னொரு வழியில் உதவுகிறது.

கொள்ளளவில் காட்டிய தாராளம் உதவாது. உள்ளீட்டுப் பக்கத்தில் 220-க்குப் பதில் 470 வைத்தால், ஸ்விட்ச் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் கூடி டயோடையும் ஸ்விட்சையும் வாட்டும். வெளியீட்டுப் பக்கத்தில் இன்னொரு ஆசை வரும்: இ.எஸ்.ஆர். குறைவது நல்லதென்றால் மிகமிகக் குறைந்த பாலிமர் கெப்பாசிட்டரையே வைத்தால் என்ன? எண்பதுகளில் இத்தகைய சப்ளையை வடிவமைத்தவர், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பின்னூட்டச் சுற்றைத் தன் காலத்துக் கெப்பாசிட்டரின் தடையையும் கணக்கில் எடுத்தே அமைத்திருப்பார். அந்தத் தடையை அடியோடு எடுத்துவிட்டால் சுற்று அலையாடத் தொடங்கலாம். அதனால் திரவ வகையிலேயே நல்ல வரிசையோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

பெட்டியிலிருந்து பிரிக்காத 1985ஆம் ஆண்டுச் சரக்கு என்று யாராவது காட்டினால் எலக்ட்ரோலிட்டிக்கில் அதைத் தொட வேண்டாம். சும்மா கிடந்தாலும் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் நலிகிறது. போலியும் உண்டு. பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெப்பாசிட்டரை ஒளித்து, பெயர்பெற்ற உறையைப் போர்த்தி விற்கிறார்கள். 1999 முதல் சுமார் 2007 வரை மோசமான திரவத்தால் உலகெங்கும் மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்த காலத்துக்குப் பிறகு, எங்கே வாங்குகிறோம் என்பதும் தேர்வில் பாதியாகிவிட்டது.

வேலை தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 325 வோல்ட்டில் நிற்கும் 220 மைக்ரோஃபாரட்டில் பதினோரு ஜூலுக்கு மேல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வது அன்றைய வீரம். 4.7 கிலோ ஓம், 10 வாட் தடை ஒன்றைச் சில விநாடி பிடித்தால் அமைதியாக வடிந்துவிடும். பிறகு மீட்டரால் பார்த்துவிட்டுத் தொடலாம். முடித்த பிறகு முதல் சோதனைக்கு மின்சார வழியில் தொடராகக் கட்டும், டி.வி. மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பை மிஞ்ச இன்றும் ஒன்றும் வரவில்லை. வெளியீட்டில் கார் பல்பு ஒன்றைச் சுமையாகக் கட்ட வேண்டும். சுமை இல்லாமல் பல பழைய சப்ளைகள் சரியாக ஓடாது.

எல்லாவற்றையும் மாற்றுவதா, கெட்டதை மட்டுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உள்ளீட்டுப் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டர்கள் நல்ல கம்பெனியுடையவையாக இருந்தால் அளந்து பார்த்து விட்டுவிடுவேன். பல இன்னும் நன்றாகவே இருக்கும். வெப்பத்தின் அருகில் இருக்கும் சின்னவற்றை அளக்காமலே மாற்றுவேன். ரிஃபாவை விரிசல் தெரிகிறதோ இல்லையோ கழற்றுவேன். அசல் தோற்றம் கெடும் என்று சேகரிப்பாளர்கள் வருந்துவது புரிகிறது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் கணினி என்றால் அசலே இருக்கட்டும், மின்சாரம் மட்டும் வேண்டாம். பிள்ளைகள் உட்கார்ந்து விசையைத் தட்டப்போகும் கணினி என்றால், தேன் நிறக் கட்டியைக் கழற்றி, தேதி எழுதிய சின்ன உறையில் போட்டு, பெட்டியோடு கட்டி வைத்துவிடலாம்.