பட்டுப்புடவை வீடியோவுக்குள் ஒரு சுங்கச்சாவடி! கட்டணமில்லாப் பாதை பிறந்த கதை

காஞ்சிபுரம் பட்டு எடுக்க இப்போது எல்லோரும் காஞ்சிபுரத்துக்கு வருவதில்லை. துபாயில் அக்கா, சிங்கப்பூரில் சித்தி, சென்னையில் கல்யாணப் பெண் என ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு வீடியோ காலில் கூடிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர் புடவையை விரித்துக் காட்டுகிறார். "முந்தியைக் கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க", "கரை அரக்கா, மெரூனா?" என்று பேச்சு போகிறது. திடீரென்று ஜரிகை சிதறி, புட்டா எல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. "நெட் சரியில்ல" என்கிறோம். அடுத்த நிமிடம் படம் சரியாகிவிடுகிறது.

அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் 50 ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. கடல் தாண்டிப் போகும் அந்தப் படத்தைச் சுருக்கும் வித்தை யாருக்குச் சொந்தம், அதற்கு யார் யாருக்குப் பணம் கட்டுவது என்ற சண்டையின் கதை.

தறிக்காரருக்குத் தெரிந்த வித்தை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு படத்தில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். விநாடிக்கு 30 படங்கள். எதையும் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 18.7 கோடி பைட்! ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா தரும் ரீசார்ஜ் போட்டிருந்தால், அது 11 விநாடிக்குள் தீர்ந்துவிடும். ஆனாலும் நாம் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிறோம். எப்படி?

பதில் ஜக்கார்டு தறியில் இருக்கிறது. புடவை முழுக்க நூற்றுக்கணக்கில் மயில் புட்டா வந்தாலும், அத்தனை மயிலுக்கும் தனித்தனியாக டிசைன் வரைவதில்லை. கிராஃப் தாளில் ஒரு மயில். அதற்கு ஏற்றபடி துளையிட்ட அட்டைகள். மறுபடி வேண்டிய இடத்தில் அதே அட்டைகளைச் சுற்றவிட்டால் போதும். மாறுவதை மட்டும் குறித்துவைத்து, மாறாததைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் சூத்திரம்.

வீடியோவும் அப்படியே. புடவை காட்டுபவரின் கை அசைகிறது. பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. ஆகவே சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டு, "அது அப்படியே இருக்கட்டும்" என்று அடுத்த படத்துக்குச் சொல்லிவிடலாம். கை நகர்ந்தால், "அந்தக் கட்டத்தை இத்தனை புள்ளி வலப்புறம் தள்ளிக்கொள்" என்று சொன்னால் போதும். இப்படிச் சொல்வதற்கான இலக்கணம்தான் வீடியோ ஃபார்மேட். அனுப்பும் போனும் வாங்கும் போனும் ஒரே இலக்கணத்தைப் பேசினால்தான் படம் தெரியும்.

கிண்டியில் படித்தவரும் பெங்களூருக்காரரும்

இவ்வளவு செய்தும் மிஞ்சுவதை இன்னும் சுருக்க வேண்டும். அங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள்.

நசீர் அகமது 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் நிறம், வேகமாக மாறும் நிறம் எனச் சில அலைகளின் கலவையாக எழுதினால் என்ன? மனிதக் கண் மென்மையான மாற்றத்தை நன்றாகக் கவனிக்கும்; மிக நுணுக்கமான மாற்றத்தை அவ்வளவாகக் கவனிக்காது. கண்ணுக்குப் படாததை விட்டுவிட்டால் கட்டம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும்.

1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்கு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவரின் கருத்து! அகமது விடவில்லை. தன் மாணவர் டி.நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்தார். இந்த ராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-ல் பட்டம் பெற்றவர். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்பது அதன் பெயர்.

இன்று உங்கள் போனில் இருக்கும் ஜேபெக் புகைப்படத்திலிருந்து யூடியூப் வீடியோ வரை அந்தக் கணக்குதான் ஓடுகிறது. நெட் மந்தமாகும்போது புடவை கட்டம் கட்டமாக உடைகிறதே, அதுவும் படத்தைக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதன் அடையாளம்தான். இதற்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. கட்டுரையைப் படித்த யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கொரோனா காலத்தில் குடும்பங்களை வீடியோ காலில் சேர்த்துவைத்தது இந்தக் கணக்குதான் என்று, 2021-ல் 'திஸ் ஈஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அகமதுவின் கதையையே ஓர் அத்தியாயத்தில் சேர்த்தது.

சுங்கச்சாவடி எங்கே வந்தது?

அடித்தளம் இலவசம். அதன்மேல் கட்டிய மாடிகள் அப்படி இல்லை.

2003-ல் வந்த ஹெச்.264 என்ற ஃபார்மேட்தான் நாம் 'எம்பி4' என்று சொல்லும் பெரும்பாலான வீடியோக்களுக்குள் இருப்பது. அருமையான வேலை. ஆனால், அதன் பல்வேறு நுட்பங்களுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருக்கின்றன. அவற்றுக்காக எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு கட்டணம் வசூலித்தது. ஆண்டுக்கு 1 லட்சம் கருவிகள் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட். 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட். போன் விலைக்குள் இது கரைந்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காப்புரிமை கேட்பது தவறா என்றால், இல்லை. கிராஃப் தாளில் டிசைன் வரைந்தவருக்கும் கூலி வேண்டும்தானே? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிசைனுக்குக் கூலி கொடுக்கலாம். டிசைனை எழுதிவைக்கும் முறைக்கே கட்டணம் என்றால், அதைப் படிக்கும் ஒவ்வொரு தறியும் கட்ட வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள்காரர் எங்கே போவார்? ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை இலவசமாகத் தரும் மொசில்லா இந்தச் சிக்கலில் மாட்டியது. 2013-ல் சிஸ்கோ நிறுவனம், தானே கட்டணத்தைக் கட்டி ஹெச்.264 மென்பொருளை எல்லோருக்கும் தர முன்வந்த பிறகுதான் வழி பிறந்தது. ஒரு நிறுவனம் மனம் இரங்கினால்தான் கதவு திறக்கும் என்ற நிலை!

அதே 2013-ல் அடுத்த தலைமுறை ஃபார்மேட்டான ஹெச்.265 வந்தது. இந்த முறை வசூலிக்க ஒரு குழு அல்ல, மூன்று குழுக்கள். எந்தக் குழுவிலும் சேராத காப்புரிமைக்காரர்கள் தனி. அதில் ஒரு குழு 2015-ல், வீடியோ மூலம் வரும் வருமானத்தில் 0.5 சதவிகிதம் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. ஆனால் பயம் போகவில்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே தெரியாமல் யார் கடை திறப்பார்கள்?

போட்டியாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள்

கட்டணமில்லாத ஃபார்மேட் என்ற ஆசை அதற்கு முன்பே உண்டு. ஆன்2 என்ற அமெரிக்க நிறுவனம் 2001-ல் தன் பழைய விபி3 நுட்பத்தைப் பொதுவில் விட்டது. அதிலிருந்து தன்னார்வலர்கள் 'தியோரா' என்ற ஃபார்மேட்டை வளர்த்து, 2008-ல் முழு வடிவில் வெளியிட்டார்கள். படத்தின் தரத்தில் ஹெச்.264-ஐ எட்டவில்லை. 2010-ல் கூகுள், ஆன்2 நிறுவனத்தையே வாங்கி, அதன் விபி8 ஃபார்மேட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அடுத்து விபி9 வந்தது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் 4கே வீடியோக்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

ஹெச்.265 கட்டணக் குழப்பம் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டியது. 2015 செப்டம்பர் 1 அன்று அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகிய ஏழு நிறுவனங்கள் 'அலையன்ஸ் ஃபார் ஓபன் மீடியா' என்ற கூட்டணியை அறிவித்தன. சந்தையில் அடித்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால், ஆளுக்கொரு பெட்டியில் பூட்டிவைத்திருந்த சரக்கைப் பொதுவில் கொட்டினார்கள். கூகுளிடம் விபி10, சிஸ்கோவிடம் 'தார்', மொசில்லாவிடம் 'டாலா'. மூன்றிலிருந்தும் நல்லதை எடுத்துச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு பெங்களூரின் இட்டியம் சிஸ்டம்ஸ் நிறுவனமும் கூட்டணியில் இணைந்தது. 2018 மார்ச்சில் 'ஏவி1' என்ற ஃபார்மேட் வெளியானது. அதன் இலக்கண நூலை யாரும் இறக்கிப் படிக்கலாம். அதன்படி மென்பொருளோ சிப்போ செய்யலாம். கூட்டணியில் இருப்பவர்கள் ராயல்டி கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மென்பொருளின் நிரல் திறந்திருப்பது வேறு, ஃபார்மேட் திறந்திருப்பது வேறு. சென்னையிலும் அலுவலகம் வைத்திருக்கும் மல்டிகோர்வேர் நிறுவனத்தின் 'எக்ஸ்265' என்ற மென்பொருள் உலகம் முழுக்கப் பிரபலம். அதன் நிரலை யாரும் பார்க்கலாம். ஆனால், அது எழுதுவது ஹெச்.265 ஃபார்மேட்டில். ஆகவே காப்புரிமைக் கணக்கு தனியாக நிற்கிறது. சமையல் குறிப்பு கையில் இருந்தாலும், அந்தப் பலகாரத்தைச் செய்து விற்க அனுமதி வேறு வாங்க வேண்டும் என்பதுபோல!

ஏவி1-க்கும் குறைகள் உண்டு. சுருக்க நேரம் பிடிக்கும். அதற்கான சிப் இல்லாத பழைய போனில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஐபோனில்கூட 2023-ல் வந்த 15 புரோவில்தான் முதன்முதலில் அந்த வசதி வந்தது. சட்டச் சிக்கலும் முழுதாகத் தீரவில்லை. கூட்டணிக்கு வெளியே உள்ள சிலரின் காப்புரிமைகளைச் சேர்த்து, சிஸ்வெல் என்ற ஐரோப்பிய நிறுவனம் ஏவி1-க்கும் கட்டணம் கேட்கிறது. 'இலவசம்' என்பதைக் காப்பாற்றவே ஒரு சட்டப் போராட்டம் தேவைப்படுகிறது.

மண்டபத்து ஓவியமும் நம் வீட்டு வீடியோவும்

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பங்காளிச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். பெயரில் பருத்தி, பக்கத்தில் பட்டு ஊர். ஜினகாஞ்சி என்றும் சொல்வார்கள். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், மகாவீரர் ஆகியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாக, காட்சி காட்சியாக ஓடுகிறது. அந்தக் காலத்து வீடியோ என்றே சொல்லலாம். காட்சிகளுக்குக் கீழே விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். 1934-ல் தொல்லியல் அறிஞர் டி.என்.ராமச்சந்திரன் இந்த ஓவியங்களைப் பற்றி விரிவாக எழுத முடிந்ததற்கு, அந்த எழுத்தைப் படிக்க யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லாததும் ஒரு காரணம்.

இப்போது அதே ஓவியங்களை நீங்கள் போனில் வீடியோ எடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் எல்லோருக்குமாக ஏற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எம்பி4 ஆக இருந்தால் அப்படியே ஏற்காது. விபி9, ஏவி1 போன்ற திறந்த ஃபார்மேட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். 2014-ல் எம்பி4-ஐ அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, பயனர்களில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். பொதுச்சொத்தின் சாவி தனியார் கையில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

நெசவாளர் வீடுகளுக்கும் இது பொருந்தும். பழைய பெரியவர் ஒருவர் கோர்வை போடும் கைவாகு புத்தகத்தில் அடங்காது, வீடியோவில்தான் அடங்கும். பேரன் காலத்திலும் அது ஓட வேண்டும். கம்பெனி மூடினாலும் உரிமம் மாறினாலும், இலக்கணம் பொதுவில் இருந்தால் யாராவது ஒருவர் அதை ஓட்டிக் காட்டுவார்.

நீங்கள் செய்யக்கூடியவை

* புடவையை வீடியோவில் காட்டும்போது, பின்னணி ஒரே நிறத்தில் இருக்கட்டும். கேமராவை ஆட்டாமல் புடவையை மெதுவாக நகர்த்துங்கள். மாறாத பகுதி அதிகமானால், மிச்சமாகும் டேட்டா முழுவதும் ஜரிகைக்கும் புட்டாவுக்கும் போகும்.

* வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதைச் சுருக்குவது கடினம். ஜன்னல் வெளிச்சம் நல்லது.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ மறுபடி சுருக்கப்படும். நிறமும் நுணுக்கமும் முக்கியம் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

* கல்யாண வீடியோ, தாத்தா பாட்டி பேசிய வீடியோ போன்றவற்றின் மூலப் பிரதியை அழிக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஃபார்மேட் மாற்றும்போதும் கொஞ்சம் தரம் போகும். மூலம் ஒன்று, திறந்த ஃபார்மேட்டில் பிரதி ஒன்று, இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

ரொம்ப எளிமை என்று ஒதுக்கப்பட்ட ஒரு கணக்கை மூன்று பேர் பூட்டிவைக்காமல் விட்டார்கள். அதன் பலனை இன்று உலகமே அனுபவிக்கிறது. அதற்கு மேலே கட்டிய மாடிகளும் அப்படியே திறந்திருக்குமா என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு.